திரு-கொச்சி: ஏழாண்டு வாழ்ந்த ஒரு பெயர்

மட்டாஞ்சேரியில் காய்ச்சலுக்கு ஒரு மருத்துவரைப் பார்த்துச் சீட்டு வாங்கினால், அவர் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'டி.சி.எம்.சி.' என்றும் அதையடுத்து ஒரு பதிவெண்ணும் இருக்கக் காணலாம். திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவக் கவுன்சில் என்பதன் சுருக்கம் அது. 1953-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் பிறந்தது. சட்டம் போட்ட மாநிலம் 1956-இலேயே மறைந்துவிட்டது. கேரளம் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தனக்கென ஒரு சட்டம் இயற்றியது 2021-இல்தான். ஏலூர்ப் பக்கம் போனால் 'திருவாங்கூர் கொச்சின் கெமிக்கல்ஸ்' இன்றும் காஸ்டிக் சோடா தயாரித்துக்கொண்டிருக்கிறது.

இந்த நெடும்பெயரை மக்கள் திரு-கொச்சி என்று சுருக்கினார்கள். தமிழில் எழுதும்போது நடுவில் 'க்' போடலாமா என்பது சின்ன விஷயமில்லை. 'திருக்கொச்சி' என்று வல்லினம் மிகுந்தால் திருச்செந்தூர் போல மேன்மைமிக்க ஒரே ஊர் என்ற பொருள் வந்துவிடும். கோடு போட்டு, ஒற்று மிகாமல் 'திரு-கொச்சி' என்று எழுதினால்தான் இரண்டு நாடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது தெரியும். இரண்டு விதமாகவும் எழுதினார்கள். அந்த மாநிலத்தின் கதைக்குப் பொருந்துவது கோடு போட்ட வடிவம்தான் என்பது என் எண்ணம்.

பின்பாதியை முதலில் எடுத்துக்கொள்வோம். கொச்சி என்பது 'கொச்சு அழி', அதாவது சிறிய கழிமுகம் என்பதிலிருந்து வந்தது என்று பலரும் சொல்கிறார்கள். 1341-இல் பெரியாற்று வெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்து, இங்கே புதிய வாயைத் திறந்தது என்ற வரலாற்றோடு இது ஒட்டிவருகிறது. வேறு விளக்கங்களும் உண்டு. எதற்கும் அறுதியான சான்று இல்லை. பெயர் பயணப்பட்ட வழிகளோ தெளிவானவை. போர்ச்சுகீசியர் இதை 'கொச்சிம்' ஆக்கினார்கள். வியட்நாமில் இதே ஒலியுள்ள வேறொரு நாட்டைக் கண்டதும், குழப்பம் வராமலிருக்க அதற்கு 'கொச்சின்-சீனா' என்று வால் சேர்த்தார்கள். ஈழத்தில் மிளகாய்க்குக் 'கொச்சிக்காய்' என்ற பெயர் இன்றும் உண்டு. கடல் தாண்டி வந்த காய் எந்தத் துறை வழியாக அங்கே போனது என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

முன்பாதியான 'திரு', திருவிதாங்கூரின் தலையெழுத்து. திருவிதாங்கூர் என்ற பெயரோ திருவிதாங்கோடு என்ற ஊரிலிருந்து வந்தது. தக்கலைக்குப் பக்கத்தில், பழைய தேவாலயமான அரப்பள்ளி இருக்கும் அந்த ஊர்தான் வேணாட்டரசர்களின் ஒரு கிளைக்கு இருக்கையாக இருந்தது. அரண்மனை பின்னர் பத்மநாபபுரத்துக்கும், 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கும் போயிற்று. பெயர் மட்டும் பழைய ஊரை விடவில்லை.

இந்த இரண்டு பாதிகளும் அரசியலில் சேர்வதற்கு முன்பே வணிகத்தில் சேர்ந்துவிட்டன. 1865-இல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, தங்களுக்குள் எல்லைச் சுங்கத்தைப் பெரும்பாலும் ஒழித்தன. துறைமுகத்தில் ஒரே தீர்வை என்று ஒப்புக்கொண்டன. மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவுக்குச் சொந்தம். நடந்து போகும் தூரத்திலுள்ள கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பஜார் சாலையின் பண்டகசாலைகளில் கிடந்த மிளகுக்கும் சுக்குக்கும் அந்த உடன்படிக்கை எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அழிமுக மணல்திட்டை வெட்டிக் கப்பலை உள்ளே கொண்டுவந்தபோதும், சுங்க வருவாயை இந்திய அரசும் இரு சமஸ்தானங்களும் பங்கிட்டுக்கொண்டன.

இவ்வளவு பின்னிப்பிணைந்த பிறகும் 1947-இல் இரண்டும் எதிரெதிர்த் திசையில் திரும்பின. கொச்சியின் சார்பில் பனம்பிள்ளி கோவிந்த மேனன் ஏப்ரல் மாதமே அரசியல் நிர்ணய சபையில் போய் அமர்ந்தார். திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயரோ ஜூன் 11 அன்று தம் நாடு தனித்து நிற்கும் என்று அறிவித்தார். மோனசைட் மணலும் நீண்ட கடற்கரையும் கைகொடுக்கும் என்பது அவர் கணக்கு. அரிசிக்கு வெளியாரை நம்பியிருக்கும் நாடு தனியே எப்படிப் பிழைக்கும் என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. எனக்கு அந்தக் கேள்விதான் வலுவாகப் படுகிறது. ஜூலை 25 அன்று திவானை ஒருவர் வெட்டினார். மாத முடிவுக்குள் மகாராஜா இந்தியாவோடு இணைய இசைந்தார்.

1949 ஜூலை 1 அன்று இரு சமஸ்தானங்களும் ஒன்றாயின. தலைநகர் திருவனந்தபுரத்துக்கு, உயர்நீதிமன்றம் எர்ணாகுளத்துக்கு. மாநிலத் தலைவரான ராஜப்பிரமுகர் பதவி திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு. கொச்சியின் பரீட்சித்துத் தம்புரான் தமக்கென்று பதவி எதுவும் கேட்கவில்லை. ஆண்டுதோறும் அச்சாகும் பஞ்சாங்கம் மட்டும் இலவசமாகத் தமக்கும் குடும்பத்துக்கும் வந்துகொண்டிருந்தால் போதும் என்றாராம். இணைப்பை நடத்திவைத்த அதிகாரி வி. பி. மேனன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அரசு ஒன்றைக் கைமாற்றும்போது ஒருவர் இவ்வளவு குறைவாகக் கேட்டது என்னை நெகிழ வைக்கிறது.

ஆனால் அந்தச் சேர்க்கையில் யாரும் கேட்டுப் பார்க்காத ஒரு தரப்பு இருந்தது: தெற்கேயிருந்த தமிழர்கள். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அதற்கு முன்பே, 1940-களின் நடுவிலேயே, நாகர்கோவிலில் முளைத்துவிட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என ஒன்பது தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்றது. பள்ளி, கச்சேரி, வேலை எல்லாம் மலையாளத்தில் நடந்தால் நாங்கள் எங்கே போவது என்பது அதன் தலைவர் மார்ஷல் நேசமணி தரப்பின் வாதம். நாஞ்சில்நாடு போனால் நெற்களஞ்சியமே போய்விடும் என்பது மறுதரப்பின் பதில். 1947-இல் தனித்திருக்க நினைத்தவர்களைப் பார்த்துக் கேட்ட அதே அரிசிக் கேள்வி, இப்போது பிரிய நினைத்தவர்களை நோக்கித் திரும்பியது.

1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் போராடிய தமிழர்கள் மீது பட்டம் தாணுபிள்ளை அரசின் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அதற்கு முந்தைய செப்டம்பரில், மட்டாஞ்சேரியில் துறைமுகத் தொழிலாளர்கள் மீது சுட்டதும் இதே திரு-கொச்சியின் போலீஸ்தான். அப்போது ஆட்சியில் இருந்தது வேறு கட்சி. சாப்பா என்ற வேலை வில்லையைக் கூட்டத்துக்குள் வீசியெறிந்து, அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கே அன்றைய கூலி என்ற கொடுமையை எதிர்த்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள்.

மாநில மறுசீரமைப்புக்கான பசல் அலி ஆணையம் ஒன்பதில் ஐந்து தாலுகாக்களை மட்டும் தமிழ்நாட்டுக்குப் பரிந்துரைத்தது. செங்கோட்டையும் கடைசியில் முழுதாகக் கிடைக்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் பிறந்தது, திரு-கொச்சி மறைந்தது. திருவிதாங்கூருக்குப் பெயர் கொடுத்த திருவிதாங்கோடும் அன்றைக்கே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. அதனருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையை மட்டும் இன்றும் கேரள அரசே பராமரிக்கிறது.

பிரிந்தது சரிதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. தாய்மொழியில் படிக்கவும் மனுக்கொடுக்கவும் ஒரு மக்கள் கேட்டது நியாயம். ஆனால் பிரிந்தபோது கோயில் கணக்கு மட்டும் துல்லியமாகத் தீர்க்கப்பட்டது. அரசமைப்பின் 290ஏ பிரிவைப் புரட்டிப் பாருங்கள்: ஆண்டுதோறும் கேரளம் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கு 46.5 லட்சம் ரூபாய், திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து மாற்றப்பட்ட பகுதிக் கோயில்களுக்குத் தமிழ்நாடு 13.5 லட்சம் ரூபாய். அந்தப் பெயர் இன்றும் அங்கே அச்சில் இருக்கிறது.

தண்ணீருக்கு இப்படி ஒரு வரி எழுதாமல் விட்டதுதான் வினை. நெய்யாற்று அணை, கேட்டும் கிடைக்காத நெய்யாற்றின்கரைப் பக்கம் நின்றுவிட்டது. அதன் இடதுகரைக் கால்வாய் பாய வேண்டிய 9,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் விளவங்கோட்டில் இருக்கிறது. திட்டம் தீட்டியபோது இரண்டும் ஒரே மாநிலம். 2004-இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. 2012-இல் தமிழ்நாடு உச்சநீதிமன்றம் போயிற்று. நெய்யாறு இரண்டு மாநிலத்து ஆறா, ஒரே மாநிலத்து ஆறா என்பதே அந்த வழக்கில் இரு தரப்பும் மோதும் கேள்வி.