தொழிலகப் பாதுகாப்பும் தொழிலாளர் எச்சரிக்கையும்: போபாலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆலை விபத்துகளுக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவி வருகிறது. பாதுகாப்புணர்வு தனிமனித இயல்பா, பணியிடம் உருவாக்கும் பண்பாடா என்னும் வினா இதனால் எழுகிறது. இந்தியத் தொழிற்சட்டங்களின் போக்கையும் 1984ஆம் ஆண்டுப் போபால் பேரழிவையும் இணைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டங்கள் கண்ட தொழிலாளி

1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிறார் உழைப்புக்கு வரம்பு கட்டியது. ஆபத்தான இயந்திரங்களுக்குத் தடுப்பு வேலி அமைக்கவும் வகைசெய்தது. அச்சட்டத்தில் தொழிலாளி பிறரால் காக்கப்பட வேண்டியவர் மட்டுமே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் காயமுற்றோருக்கு இழப்பீடு வழங்கியது. எனினும், குடிபோதையாலோ பாதுகாப்பு ஆணையை வேண்டுமென்றே மீறியதாலோ நேர்ந்த காயத்துக்கு அதில் விலக்கு இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பாதுகாப்பு விதிகளை விரிவாக்கியது. பாதுகாப்புச் சாதனங்களில் தலையிடலாகாது எனத் தொழிலாளியின் கடமையையும் வரையறுத்தது. ஆபத்தை முதலில் அறிபவர் தொழிலாளியே என்பதற்கு இச்சட்டங்களில் உரிய இடம் அமையவில்லை.

போபால் காட்டும் உண்மை

போபாலின் யூனியன் கார்பைடு ஆலையில் 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயுவால் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். 1982 தொடக்கத்தில் மற்றொரு கசிவில் இருபதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். தொழிற்சங்கத்தினர் போராடினர், ஆபத்தை எடுத்துரைக்கும் சுவரொட்டிகளை நகரில் ஒட்டினர். 1982 மே மாதம் அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து வந்த ஆய்வுக் குழுவும் குறைகளைப் பட்டியலிட்டது. இதழாளர் ராஜ்குமார் கேஸ்வானி அவ்வாண்டிலேயே எச்சரித்து எழுதினார்.

இவ்வெச்சரிக்கைகளுக்குப் பின்னரும் செலவுக் குறைப்பே மேலோங்கியது. மீத்தைல் ஐசோசயனேட்டுப் பிரிவில் ஒரு முறைப்பணிக்குரிய இயக்குநர் எண்ணிக்கை 12இலிருந்து 6ஆகக் குறைந்தது. இரவுப்பணிப் பராமரிப்பு மேற்பார்வையாளர் பதவி நீக்கப்பட்டது. குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரம் பழுதுபார்ப்புக்காக இணைப்பற்றுக் கிடந்தது.

1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, கண்ணெரிச்சலால் தொழிலாளர் கசிவை உணர்ந்தனர். சிறு கசிவுகள் அங்கே வழக்கமானவை என்பதால், தேநீர் இடைவேளைக்குப் பின் கவனிக்கலாம் என அது தள்ளிவைக்கப்பட்டதை இதழியல் புலனாய்வுகள் பதிவு செய்துள்ளன. நள்ளிரவுக்குப் பின் 610ஆம் கலனிலிருந்து நச்சுவாயு பெருகி வெளியேறியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

அவ்விரவின் தாமதத்தைத் தனியே நோக்கின் அது கவனக்குறைவாகவே தோன்றும். முந்தைய மூன்றாண்டு நிகழ்வுகளோடு பொருத்தி நோக்கின், எச்சரித்தும் பயனில்லை எனப் பணியிடமே கற்பித்த பழக்கம் என்பது புலனாகும். ஆள்குறைப்பு, பராமரிப்பின்மை, கேட்கப்படாத முறையீடு ஆகியவை ஒன்றையொன்று வலுப்படுத்தி, ஆபத்தை அன்றாட நிகழ்வாக்கின.

1987ஆம் ஆண்டுத் திருத்தம்

இப்பேரழிவின் விளைவாகத் தொழிற்சாலைச் சட்டம் 1987இல் திருத்தப்பட்டது. ஆபத்தான செயல்முறை நடைபெறும் ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகத்தினரும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் பாதுகாப்புக் குழுவை 41ஜி பிரிவு கட்டாயமாக்கியது. உடனடி ஆபத்தை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் ஒருசேரத் தெரிவிக்கும் உரிமையை 41எச் பிரிவு அளித்தது. உடனே தீர்வு காணும் கடமையை நிர்வாகத்தின்மேல் சுமத்தியது. காக்கப்படுபவராகவும் கடமைப்பட்டவராகவும் மட்டும் கருதப்பட்ட தொழிலாளி, ஆபத்தை அறிந்துரைக்கும் உரிமையுடையவராகச் சட்டத்தில் இடம்பெற்றார். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக அமைந்தபோதும், ஆபத்தை முறையிடும் உரிமையைத் தக்கவைத்துள்ளது.

முடிவுரை

பாதுகாப்புப் பண்பாடு அறிவுரைகளாலும் விதிகளாலும் மட்டும் உருவாவதன்று. எச்சரித்தவரின் சொல்லுக்கு நிர்வாகம் அளிக்கும் மறுமொழியே அதனைப் பெரிதும் தீர்மானிக்கிறது. போபால் தொழிலாளர் 1982இலேயே அறிந்து உரைத்தனர். அவ்வுரைக்குச் சட்டவலிமை கிடைத்தது பேரழிவுக்குப் பின்னரே. எனவே விபத்துகளை ஆராய்வோர், தவறிழைத்தவர் யார் என வினவுமுன், முன்னரே எச்சரித்தவர் எவர், அவருக்குக் கிட்டிய மறுமொழி யாது என வினவுதல் வேண்டும்.