பதிவேடும் தாலியும்: புதுவைக் கிராமங்களில் கல்யாணத்தின் வரலாறு

காதல் என்பது இரண்டு மனசு சம்பந்தப்பட்ட விஷயம் என்கிறது சினிமா. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை ஆண்ட சட்டங்களைப் புரட்டினால், அந்த இரண்டு மனசுக்கு நடுவே சாதி, தகப்பன், அரசு என மூன்று பேர் குந்தியிருப்பது தெரியும்.

1819 ஜனவரி 6ஆம் தேதி ஆணை பிரெஞ்சுச் சட்டத்தொகுப்பைப் புதுவைக்குக் கொண்டுவந்தது. கூடவே, இந்தியர்கள் அவரவர் சாதி வழக்கப்படியே விசாரிக்கப்படுவார்கள் என்றும் சொன்னது. ஆக, காலனிய அதிகாரம் கல்யாணப் பந்தலைச் சாதியிடமே விட்டுவிட்டது.

1881 செப்டம்பர் 21 ஆணை ஒரு வழியைத் திறந்தது. சொந்த வழக்கத்தைத் துறப்பதாக எழுதிக்கொடுத்து, குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டால் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வந்துவிடலாம். இவர்கள்தான் 'ரெனோன்சான்'கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லபோர்த்' ஆனது இப்படித்தான். அந்தப் பெயருக்குக் 'கதவு' என்று பொருள். சாதி இழிவைத் தாண்ட நினைத்த தாழ்த்தப்பட்டவர்களும் கிறித்தவர்களும் இதைப் பற்றிக்கொண்டார்கள். நாடு சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள்.

இந்த விடுதலைக்குள் இருக்கும் ஓட்டையையும் பார்க்க வேண்டும். துறப்பவனோடு அவன் மனைவியும் மைனர் பிள்ளைகளும் சேர்ந்தே புதுச் சட்டத்துக்குள் போகிறார்கள் என்கிறது ஆணை. பொண்டாட்டிக்கு இஷ்டமா என்ற கேள்வியே அதில் இல்லை.

போய்ச் சேர்ந்த இடமாவது எப்படி? 1804 தொகுப்பின் 213ஆம் பிரிவு, கணவன் பாதுகாக்கணும், மனைவி கீழ்ப்படியணும் என்றது. பிரான்சிலேயே இது ஒழிய 1938 ஆனது. மூலச் சட்டப்படி 25 வயசுக்குட்பட்ட மகனும் 21க்குட்பட்ட மகளும் பெற்றோர் சம்மதமின்றிக் கட்டிக்கொள்ள முடியாது. தாயும் தகப்பனும் முரண்பட்டால் தகப்பன் சொல்லே போதும். கல்யாண அறிவிப்பை மேரிக் கதவில் ஒட்டவும் வேண்டும். மனுவும் நெப்போலியனும் கைகோத்துக்கொண்ட இடம் இது.

மறுபக்கம், உழைக்கும் சாதிகளிடம் 'தீத்துவிடுறது', 'அறுத்துக் கட்டுறது' போன்ற வழக்கங்கள் இருந்தன. ஒத்துவராதவனை விட்டு விலகிப் பெண் வேறொருவனோடு வாழ அவை இடம் தந்தன. பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள்தான் என்றாலும், பிரெஞ்சுச் சட்டத்திலோ 1816இல் ஒழிக்கப்பட்ட மணவிலக்கு 1884இல்தான் திரும்பியது. 1881இல் புருஷனோடு 'துறந்து' போனவளுக்கு, சேரிப் பஞ்சாயத்து தந்த விலகல்கூட அந்தச் சட்டத்தில் கிடையாது. 'முற்போக்குச் சட்டம் – பிற்போக்கு வழக்கம்' என்ற எளிய எதிர்வு இங்கே நொறுங்கிவிடுகிறது.

1962 ஆகஸ்ட் 16இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. 1963இல் இந்து திருமணச் சட்டம் வந்தது, ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்ற விலக்கோடு. ஊரும் சேரியும் பிரிந்தே கிடந்தன. பாகூரை ஒட்டிய கடலூர் மாவட்டத்தின் புதுக்கூரைப்பேட்டையில், தலித்தான முருகேசனும் வன்னியரான கண்ணகியும் 2003இல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அவ்வாண்டு ஜூலை 8இல் இருவரும் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். பதிவேடு அவர்களைக் காப்பாற்றவில்லை. குற்றவாளிகளின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2025இல். இருபத்திரண்டு வருஷம் கழித்து.

சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊரறிய அறிவிப்புத் தேவையில்லை, ஆபத்தில் இருப்பவர்களால் அப்படி அறிவிக்க முடியாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மதம் மாறிக் காதலிப்பவர்களுக்கான 1954ஆம் வருஷச் சிறப்புத் திருமணச் சட்டம் இன்னமும் முப்பது நாள் அறிவிப்பைக் கேட்கிறது. மேரிக் கதவில் ஒட்டிய அதே காகிதம்தான். 'ஓடிப்போனவ'ளைத் தேடி வருகிறவர்கள் முதலில் படிப்பது அதைத்தான். அதைக் கிழித்தெறியச் சொல்வதிலிருந்து நம் வேலை தொடங்கட்டும்.