ஓநாய்க் கூட்டமும் வீட்டு நாயும்

நாயைப் பழக்குவோர் முதலில் அதனைப் பணிய வைத்தல் வேண்டும் என்னும் கொள்கை ஐரோப்பாவில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. ஜெர்மனியில் காவல் துறை நாய்களைப் பயிற்றிய கொன்ராட் மோஸ்ட் 1910இல் வெளியிட்ட நூலில், நற்செயலுக்குப் பரிசளிக்கும் முறை கூறப்படாமல் இல்லை. ஆயினும், மனிதனே மேலோன் என்பதை வன்மையைக் கொண்டேனும் நாய்க்கு உணர்த்துக என்பதே அதன் உயிர்நாடி.

இக்கொள்கைக்கு அறிவியலின் துணை கிடைத்தாற்போல் தோன்றியது 1947இல். ருடால்ஃப் ஷெங்கல் என்னும் விலங்கியலார், சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மிருகக்காட்சிசாலையில் ஓநாய்களைக் கூர்ந்து நோக்கித் தாம் கண்டவற்றை அவ்வாண்டில் வெளியிட்டார். ஓநாய்கள் தமக்குள் போட்டியிட்டு, ஆணில் ஒன்றும் பெண்ணில் ஒன்றும் தலைமை பெறுகின்றன என்றார். அவர் கண்டதில் பொய்யில்லை. கண்ட இடந்தான் எண்ணிப் பார்க்கத்தக்கது. 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள அடைப்பு. அதனுள் 10 ஓநாய்கள் வரை. ஏறக்குறைய மூன்று வகுப்பறைகளின் பரப்பு அது. காட்டில் தோற்றுப்போன ஓநாய் விலகிச் சென்றுவிடும். அடைப்பினுள் எங்கே செல்லும்?

அமெரிக்க அறிஞர் டேவிட் மீச் 1970இல் எழுதிய ஓநாய் பற்றிய நூல், தலைமை ஓநாயைக் குறிக்கும் 'ஆல்பா' என்னும் சொல்லைப் பெரிதும் பரப்பியது. நாய் ஓநாயின் வழிவந்தது; ஆகவே வீட்டுத் தலைமைக்கும் அது போட்டியிடும் என்று பயிற்சியாளர் பலர் முடிவு கட்டினர். அமெரிக்காவிலுள்ள நியூ ஸ்கீட் மடத்துத் துறவியர் 1978இல் வெளியிட்ட பயிற்சி நூல், பெருந்தவறு செய்த நாயை மல்லாக்கத் தள்ளி அடக்குமாறு கூறிற்று.

அதே மீச் 1986 முதல், கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் காட்டு ஓநாய்களை அருகிருந்து கண்டார். அங்கே தலைமைக்கான போராட்டம் இல்லை. கூட்டம் என்பது தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பமே. பெற்றோர் வழிகாட்ட, குட்டிகள் பின்செல்கின்றன. வளர்ந்தபின் பிரிந்து வேறு குடும்பம் அமைக்கின்றன. 1999இல் இதனைக் கட்டுரையாக எழுதி, 'ஆல்பா' என்னும் சொல் பொதுவாகப் பொருந்தாது என்றார். தம் நூலைத் தாமே மறுக்கும் பெருந்தன்மை அறிஞரிடையே அரிது.

ஆராய்ச்சி ஓநாயைப் பற்றியதாயினும் அதன் பயன் வீட்டு நாய்க்கே மிகுதி. உணவுத் தட்டை நெருங்குவோரைக் கண்டு நாய் உறுமினால், அது தலைமை கோருகிறது என்பது பழைய விளக்கம். தட்டு பறிபோகுமோ என்ற அச்சமே பெரும்பாலும் அதற்குக் காரணம் என்பது இன்றைய விளக்கம். உறுமியதற்காக அடித்தால் அச்சம் போகாது. உறுமல் மட்டும் அடங்கும். அடுத்த முறை முன்னறிவிப்பின்றியே கடிக்கவும் கூடும். மாறாக, சற்றுத் தொலைவில் நின்று இறைச்சித் துண்டொன்றை இட்டுவந்தால், மனிதர் வருவது நன்மைக்கே என்று நாய் நாளடைவில் கற்கிறது. காலடியோசை கேட்ட அளவிலே வாயூறிய நாய்களை ருஷ்ய அறிஞர் பாவ்லோவ் கண்டாரே, அவை கற்றதும் இவ்வழியே.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே கருதத்தக்கது. குணக்கோளாறு காரணமாகத் தம் நாய்களை மருத்துவரிடம் கொண்டுவந்த 140 பேர் அதில் விடையளித்தனர். அடித்தும் உதைத்தும் திருத்த முயன்றோருள் 43 விழுக்காட்டினரும், மல்லாக்கத் தள்ளி அடக்கியோருள் 31 விழுக்காட்டினரும் நாய் எதிர்த்துச் சீறியதாகக் கூறினர்.

நியூ ஸ்கீட் துறவியர் தம் நூலின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பில் அம்முறையை நீக்கிவிட்டனர். மீச் பதிப்பாளரை நெடுநாள் வேண்டியபின், 2022இல் அவருடைய பழைய நூலின் வெளியீடும் நிறுத்தப்பட்டது.