தலையணை உறை போக மிச்சம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட சிற்றூர் ஜீஸ் பெண்ட். அங்கே பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வே. முன்னோர்களை அடிமைகளாக வைத்திருந்த பண்ணைக்காரனின் பெயர் அது. அவ்வூர்க் கறுப்பினப் பெண்களின் ஒட்டுத்துணிப் போர்வைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் 2002இல், நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் ஆரம்பிப்பார்கள். எனக்கு 1972தான் முக்கியம்.

வாக்காளராகப் பதிந்ததற்கே வேலையும் வீடும் பறிபோன காலம். கைக்காசு வேண்டுமே! 1966இல் ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ என்ற கூட்டுறவு பிறந்தது. 1972இல் அதற்கு சியர்ஸ் கம்பெனியின் ஒப்பந்தம் கிடைத்தது. கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கணும். ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு இருக்கணும்.

வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் வீடுகளுக்குப் போயின. கார்டுராய் தடித்த துணி, வரிவரியாய் மேடு பள்ளம். சின்ன முக்கோணம், வளைவு எல்லாம் அதில் லேசில் படியாது. அதனால் பெரிய சதுரங்கள், நீளப் பட்டைகள், பக்கத்தில் பக்கத்தில் அடிக்கும் நிறங்கள். விமர்சகர்கள் நவீன ஓவியத்தோடு ஒப்பிட்ட அந்தத் துணிச்சலில் துணியின் முரட்டுத்தனத்துக்கும் பங்குண்டு என்பேன். கம்பெனி அளவுக்குத் தைத்து அலுத்த கைகளுக்கும்தான்.

மேல்துணியை அவரவர் தனியாகவே ஒட்டினார்கள். எந்தத் துண்டு எங்கே என்பதில் அடுத்தவர் யோசனைக்கு இடமில்லை. அப்புறம் நடுவில் பஞ்சு, அடியில் முழுத்துணி வைத்துச் சட்டத்தில் கட்டுவார்கள். மூன்றடுக்கையும் சேர்த்துத் தைத்து முடிக்கத்தான் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.