பெனிசிலினும் ஒக்ஸ்போட் ஆய்வுகூடமும்

பெனிசிலின் என்றதும் அலெக்சாண்டர் பிளெமிங்கின் பெயரே எவர் நாவிலும் முந்தி வருகின்றது. 1928ஆம் ஆண்டில் இலண்டன் சென்ற் மேரிஸ் மருத்துவமனையில் அவர் கண்ட பூஞ்சணத்தின் கதை பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. ஆயின், கண்டறிந்த பொருளை மருந்தாக்கியவர் அவரல்லர். அப்பணி ஏறக்குறையப் பத்தாண்டுகளின் பின்னர், ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் சேர் வில்லியம் டன் நோயியற் கூடத்திலேயே தொடங்கிற்று.

அக்கூடத்தின் தலைவர் ஹவாட் புளோறி அவுஸ்திரேலியர். 1935இல் பேராசிரியராகப் பதவியேற்றவர். ஏர்ண்ஸ்ற் செயின் பேர்லினிற் பிறந்த யூதர். ஹிற்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் தாயகம் துறந்தவர். பெனிசிலின் மருந்தாகும் என்ற எண்ணத்திலும் பார்க்க, அதன் இரசாயன இயல்பை அறியும் ஆவலே தொடக்கத்தில் இவரிடம் மேலோங்கியிருந்தது. மூன்றாமவர் உயிரிரசாயனவியலாளர் நோர்மன் ஹீற்லி. இவரைப் பற்றியே சற்று விரித்துரைத்தல் தகும்.

பெனிசிலின் எளிதிற் சிதைவது. பூஞ்சணம் வளர்ந்த திரவத்தை அமிலமாக்கினால் அது ஈதருக்குட் செல்லும். ஈதரை ஆவியாக்கினாலோ அழிந்துபடும். முன்னர் முயன்றோர் இவ்விடத்திலேயே இடர்ப்பட்டனர். ஈதரிலிருந்து அதனை மீண்டும் சிறிது காரத்தன்மை கொண்ட நீருக்குள் மாற்றிவிடலாம் என்பதே ஹீற்லி கண்ட வழி. சொல்லும்போது சிறு விடயந்தான். அதுவின்றேல் மேற்கொண்டு எதுவும் நிகழ்ந்திராது. யுத்தகாலத் தட்டுப்பாட்டில் தகுந்த கலங்களும் கிடைத்தில. நோயாளர் படுக்கையிற் பயன்படுத்தும் மலச்சட்டிகளே பூஞ்சணம் வளர்க்க வாய்ப்பாயிருந்தன. பின்னர் அவ்வடிவைத் தழுவி ஹீற்லி வரைந்து கொடுத்தவாறு பீங்கான் கலங்கள் செய்விக்கப்பட்டன. ‘பெனிசிலின் பெண்கள்’ எனப்பட்ட இளம்பெண்கள் அறுவர் அவற்றைப் பராமரித்தனர்.

1940 மே 25ஆம் நாள், கொடிய ஸ்ரெப்ரோகொக்கசுக் கிருமி ஏற்றப்பட்ட 8 சுண்டெலிகளுள் நான்கிற்குப் பெனிசிலின் கொடுக்கப்பட்டது. ஹீற்லி இரவிரவாகக் காத்திருந்தார். அதிகாலை நான்கு மணிக்கு முன்னரே மருந்து பெறாத நான்கும் இறந்தன. ஏனையவை அவ்வேளை உயிரோடிருந்தன. டன்கேர்க்கிலிருந்து பிரித்தானியப் படைகள் மீட்கப்படத் தொடங்கியது மறுநாளாகும். ஜேர்மனியர் படையெடுத்து வரின் ஆய்வு அடியோடு அழிந்துவிடலாகாதென, ஆய்வாளர்கள் தம் மேலங்கிகளின் உட்புறத்திற் பூஞ்சண வித்திகளைத் தேய்த்து வைத்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் ‘லான்செற்’ இதழில் வெளியான கட்டுரையில் எழுவரின் பெயர்கள் அகரவரிசையில் அமைந்திருந்தன.

1941 பெப்ரவரி 12இல் அல்பேட் அலெக்சாண்டர் என்னும் காவலருக்கு மருந்து செலுத்தப்பட்டது. சில நாட்களிலேயே அவர் தேறினார். எனினும் மருந்து போதவில்லை. அவருடைய சிறுநீரிலிருந்துங்கூடப் பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினர், அதுவும் தீர்ந்தது. மார்ச் 15இல் அவர் இறந்தார். அதன்பின், சிறிதளவு மருந்தே போதுமான சிறுவர்களைப் பெரும்பாலும் தெரிந்தெடுத்தனர். அவ்வாண்டின் நடுப்பகுதியிற் புளோறியும் ஹீற்லியும் ஐக்கிய அமெரிக்கா சென்று பேரளவு உற்பத்திக்கு வழிகோலினர்.

பத்திரிகையாளரைச் சந்திக்கப் புளோறி மறுத்தார், பிளெமிங் மறுக்கவில்லை. புகழ் இலண்டனைச் சென்றடைந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். 1945இல் நோபல் பரிசு பிளெமிங், புளோறி, செயின் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹீற்லிக்கு அதில் இடமிருக்கவில்லை. 1990ஆம் ஆண்டிலேயே ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ மருத்துவக் கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. மருத்துவரல்லாத ஒருவர் அங்கு அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. அவ்வாண்டில் அவருக்கு வயது 79.