குழந்தையும் நிழலும்

ஆசிரியப் பயிற்சியை முடித்து நான் பணியேற்ற முதல் ஆண்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியோடு இவ்வுரையைத் தொடங்க விரும்புகிறேன். காலை இறைவணக்கத்திற்காகப் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தனர். மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மட்டும் வரிசையை விட்டு விலகி, தரையில் நீண்டு கிடந்த தன் நிழலின் தலையை மிதிப்பதற்காகத் தாவித் தாவிக் குதித்துக்கொண்டிருந்தான். அவன் ஓரடி வைத்தால் நிழலும் ஓரடி நகர்ந்தது. நான் அதட்டினேன். அவனோ அஞ்சாமல், “ஐயா, என் தலையை என்னால் ஏன் மிதிக்க முடியவில்லை?” என்று கேட்டான். “வரிசையில் நில்” என்பதே நான் கூறிய விடை. அவன் நின்றான். அவ்வாண்டு முழுவதும் அவன் என்னிடம் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை.

அச்சிறுவனின் வினா எத்துணைத் தொன்மையானது, எத்துணைப் பெருமைக்குரியது என்பதைப் பிற்காலத்தில்தான் படித்தறிந்தேன். அதன் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற சார்லஸ் டார்வினை நீங்கள் அறிவீர்கள். அவருடைய தலைமகன் 1839ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பிறந்தான். அக்குழந்தை எப்பொழுது அஞ்சியது, எப்பொழுது சினந்தது, எப்பொழுது சிரித்தது என்பவற்றையெல்லாம் அவர் உற்றுநோக்கிக் குறித்து வைத்தார். 37 ஆண்டுகள் கழித்து, 1877இல், அக்குறிப்புகளைத் தொகுத்து ‘மைண்டு’ என்னும் ஆங்கில இதழில் கட்டுரையாக வெளியிட்டார். அதில் நிழலைப் பற்றிய செய்தி ஒன்றும் இடம்பெற்றுள்ளது. ஒன்பது மாத அளவில், தன் எதிரிலுள்ள சுவரில் ஒரு நிழல் விழுந்தால், அதனை உண்டாக்கிய கையையோ பொருளையோ தனக்குப் பின்புறம் தேட வேண்டும் என்பதை அக்குழந்தை எவரும் கற்பிக்காமல் தானே கண்டுகொண்டதாம். உலகம் போற்றும் அறிஞர் ஒருவர், தொட்டிற் பருவத்துக் குழந்தை சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியதையும் எழுதத் தக்க செய்தியாகக் கருதினார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நிழலுக்குரிய பொருள் எங்கே உள்ளது என்பதை அறிவது ஒன்று. நிழல் ஏன் உண்டாகிறது என்பதை அறிவது வேறொன்று. இவ்விரண்டாவது அறிவு குழந்தைக்கு எவ்வாறு வருகிறது என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டு உளநூல் அறிஞர் ழான் பியாஜே ஆராய்ந்தார். 1927இல் அவர் வெளியிட்ட நூலில் நிழலுக்கென்றே ஓர் இயல் உண்டு. ஐந்து வயதுக் குழந்தைகள், நிழலில் ஒரு பகுதி பொருளிலிருந்தும், மற்றொரு பகுதி மரத்தடி இருளிலிருந்தோ இரவிலிருந்தோ வருகிறது என்று எண்ணுகின்றனர். ஆறேழு வயதில், நிழல் என்பது பொருளிலிருந்தே வெளிப்படும் ஒன்று என்கின்றனர். எட்டு வயதளவில், நிழல் எப்பக்கம் விழும் என்பதைச் சரியாகச் சொல்லிவிடுகின்றனர். ஆயினும், அது விளக்கைக் கண்டு அஞ்சி ஓடுகிறது என்பதே அவர்கள் கருத்து. ஏறத்தாழ ஒன்பது வயதில்தான், ஒளி தடைப்படுவதால் நிழல் உண்டாகிறது என்னும் உண்மை விளங்குகிறது. டார்வினின் மகன் ஒன்பது மாதத்தில் தொடங்கிய பயணம் முடிவதற்கு ஒன்பது ஆண்டுகள் வேண்டும் போலும்! இடையிலே பிள்ளைகள் கூறும் விடைகளைப் பேதைமை என்று தள்ளலாகாது. அவை ஒவ்வொன்றும் ஏறிச்செல்லும் ஒரு படி.

நிற்க. ஒரு குழந்தை வியந்து நோக்கும் நிழலை மனித இனமும் நெடுங்காலம் வியந்து நோக்கியிருக்கிறது. அவ்வியப்பு அளவையாக மாறியபோது பெரும் பயன் விளைந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரின் நூலகத்திற்குத் தலைவராக இருந்தவர் எரட்டாஸ்தனிஸ். அவர் எழுதிய மூலநூல் இன்று கிடைக்கவில்லை. கிளியோமெடிஸ் என்னும் பிற்கால ஆசிரியரின் நூலே அவருடைய முறையை நமக்கு விளக்குகிறது. கோடைக்காலத்தின் மிக நீண்ட பகற்பொழுதில், தெற்கேயுள்ள சையீன் நகரில், உச்சிவேளையில் நிழல் விழுவதில்லை. அதே வேளையில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அந்நிழல் காட்டிய கோணம் ஒரு முழு வட்டத்தில் 50இல் ஒரு பங்கு. இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு 5,000 ஸ்டேடியம் என்று கொள்ளப்பட்டது. அதனை 50ஆல் பெருக்கி, பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியம் என்று அவர் கணித்தார். கடல் கடந்து உலகைச் சுற்றி வராமலே, நிழலைக் கொண்டு உலகையே அளந்துவிட்டார்!

நம் நாட்டு அறிஞர்களும் நிழலைப் புறக்கணித்தவர்கள் அல்லர். செங்குத்தாக நாட்டப்படும் சிறுகோலுக்குச் ‘சங்கு’ என்று பெயர். சூரிய சித்தாந்தம் அதனை 12 அங்குலமாகக் கொள்கிறது. சங்கினைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, காலையிலும் மாலையிலும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இரண்டு இடங்களையும் குறித்து, அவற்றை ஒரு கோட்டால் இணைத்தால், அது கிழக்கு மேற்கைக் காட்டும். மனைக்கும் கோயிலுக்கும் திசை வகுக்கும் இம்முறையை மயமதம் என்னும் சிற்பநூலும் விளக்குகிறது. ஆரியபட்டரோ தம் ஆரியபட்டீயத்தில், விளக்கொளியில் நிற்கும் சங்கின் நிழல் எத்துணை நீளும் என்பதற்கே கணக்கு வகுத்துத் தந்துள்ளார். இரவில் விளக்கின் முன் கையை அசைத்துச் சுவரில் மானும் பறவையும் காட்டி மகிழும் குழந்தையின் விளையாட்டும் அவருடைய கணக்கும் ஒரே நிழலைப் பற்றியவைதாமே!

இனி, அச்சிறுவனின் வினாவுக்கு வருவோம். காலைக் கதிரவன் தாழ்ந்திருப்பதால் நிழல் நீளுகிறது. நாம் நகரும்போது ஒளியை மறைக்கும் உடலும் நகர்வதால் நிழலும் உடன் நகர்கிறது. ஆகவே தலையின் நிழல் நம் காலுக்கு எட்டுவதில்லை. இவ்வளவே விடை. இதைச் சொல்ல அன்று எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது.

ஆனால் இதனினும் சிறந்த விடையொன்றை வானமே தருகிறது. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில், ஆண்டில் இரண்டு நாட்கள் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறான். தமிழ்நாடு முழுவதும் அவ்வெல்லைக்குள் அடங்கியது. சென்னையில் ஏப்ரல் இறுதி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் அந்நாட்கள் அமைகின்றன. அன்று, கடிகாரம் 12 மணி அடித்த சில நிமிடங்களில், நாட்டிய கோலுக்கு நிழலே இராது. நிமிர்ந்து நிற்பவனுடைய தலையின் நிழலும் அவன் காலடியிலேயே விழும். அச்சிறுவனை அன்று ஒருமுறை வெயிலில் நிறுத்தியிருந்தால், குதிக்காமலே தன் தலையை மிதித்திருப்பான்!

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரில் அந்நாள் எது என்பதைக் கண்டுபிடியுங்கள். அதற்கு வேண்டியவை ஒரு கோலும் சிறிது பொறுமையும்தான். வீட்டில் தம்பி தங்கையர் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் ஏதேனும் கேட்டால், வரிசையில் நிற்கச் சொல்லிவிடாதீர்கள்.