243-இன் பிரிவினைத் தொகை

ஓரெண்ணை எத்துணை வகையாகக் கூறுபடுத்தலாம் என ஆராய்தல் எண்ணூலார் வழக்கங்களுள் ஒன்று. 4 என்பது தனித்து நிற்றல் ஒன்று. 3உம் 1உம் ஆதல் ஒன்று. 2உம் 2உம் ஆதல் ஒன்று. ஒரு 2உம் இரண்டு 1உம் ஆதல் ஒன்று. நான்கு 1 ஆதல் ஒன்று. ஆகவே அதன் பிரிவினைத் தொகை 5 ஆயிற்று. கூறுகளின் முன்பின் முறை ஈண்டுக் கொள்ளப்படாது. எண் சிறிது வளரத் தொகை பெரிதும் பெருகும். 100-இன் தொகை 19,05,69,292 ஆம்.

இராணுவப் பணியினின்றும் கணிதத்துட் புகுந்த மேஜர் மக்மகான் என்பார் 200 வரையுள்ள தொகைகளைக் கையாலேயே கணக்கிட்டார். அவ்வட்டவணை 1918-இல் ஹார்டியும் கும்பகோணத்தில் வளர்ந்த இராமாநுஜனும் எழுதிய கட்டுரையோடு வெளிவந்தது. பிறர் எண்களை மட்டுமே கண்ட அவ்விடத்து இராமாநுஜன் ஓர் ஒழுங்கினைக் கண்டார். 4, 9, 14 என ஐயைந்தாக ஏறும் எண்களின் தொகைகளெல்லாம் 5-ஆல் மீதியின்றி வகுபடும். 5 முதல் எவ்வேழாக ஏறுவன 7-ஆல் வகுபடும். 6 முதல் பதினொன்றாக ஏறுவன 11-ஆல் வகுபடும். இவற்றுள் முன்னிரண்டையும் அவர் 1919-இல் நிறுவிக் காட்டினார்.

அவ்வளவில் அமையாது, 5, 7, 11 என்பவற்றின் பெருக்கங்களாலாகிய எவ்வெண்ணுக்கும் இவ்வியல்பு உண்டென அவர் கருதினார். ஓரெண்ணை 24-ஆற் பெருக்கி அப்பெருக்கத்தால் வகுக்க 1 எஞ்சுமாயின், அவ்வெண்ணின் தொகை அப்பெருக்கத்தால் முற்ற வகுபடும் என்பது அவர் துணிபு. 99-ஐ 24-ஆற் பெருக்கின் 2,376. அதனை 125-ஆல் வகுக்க எஞ்சுவது 1. 99-இன் தொகையாகிய 16,92,29,875 என்பதோ 125-ஆல் மீதியின்றி வகுபட்டு 13,53,839 ஈவாகும். எடுத்துக்காட்டு நன்கு பொருந்தியது.

7-ஐ மும்முறை பெருக்கிய 343-க்கு உரிய எண்களுள் மிகச் சிறியது 243. அட்டவணையோ 200-இல் நின்றது. எனவே 343-ஐப் பொறுத்தவரை அத்துணிபை வலியுறுத்தவோ மறுக்கவோ அதன்கண் ஓரெடுத்துக்காட்டும் இல்லை. சான்று முடிந்த இடத்திற்கு அப்பாலும் ஏதுச் செல்லுமெனக் கொண்டதே ஈண்டு நேர்ந்தது. அங்ஙனம் துணிதற்கும் பெரியதோர் அறிவு வேண்டும்.

பின்னர் பஞ்சாபிலிருந்த ஹன்ஸ்ராஜ் குப்தா அட்டவணையை 300 வரை நீட்டினார். அதனைக் கொண்டு சௌலா 1934-இல் பிழையைக் காட்டினார். 243-இன் தொகை 13,39,78,25,93,44,888. அஃதாவது 1 கோடியே 33 இலட்சத்து 97 ஆயிரத்து 825 கோடியே, 93 இலட்சத்து 44 ஆயிரத்து 888. இதனை 49-ஆல் வகுக்க 27,34,25,01,90,712 என மீதியின்றி வரும். அதனை மீண்டும் 7-ஆல் வகுப்பின் 5 எஞ்சும். ஆகவே 343 இதனை வகுக்கமாட்டாது.

ஓரெண் பிறழ்ந்தமையால் கருத்து முழுதும் வீழ்ந்துவிடவில்லை, திருத்தமே பெற்றது. 1938-இல் வாட்சன், 5-இன் பெருக்கங்களுக்கு இராமாநுஜன் சொல்லியவாறே நிறுவி, 7-க்கு மட்டும் அளவைக் குறைத்தார். மும்முறை பெருக்கியவிடத்து இருமுறையும், நான்முறை பெருக்கியவிடத்து மும்முறையுமே வகுபடுதல் உறுதி என்றார். 11-இன் பெருக்கங்களுக்கு உரிய நிறுவலை அட்கின் தந்தது 1967-இல். இராமாநுஜன் மறைந்து அப்போது 47 ஆண்டுகள் ஆகியிருந்தன.